ஜப்பானில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில், வயலும் பனியும் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில், நாலு வருஷம் தொடக்கப் பள்ளிகளில் இங்கிலீஷ் உதவி ஆசிரியராக இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாரத்துக்கு ஒருவராவது போன் பண்ணுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரர்களைத்தானே எடுப்பார்கள்? நம்மை எடுப்பார்களா, அக்கா?

எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் தப்பில்லை. விளம்பரங்களில் "நேட்டிவ்" (ஆங்கிலம் தாய்மொழியானவர்) என்ற சொல் இன்னும் இருக்கிறது. மாலை நேரப் பயிற்சி வகுப்புகளில் ("எய்காய்வா" என்பார்கள்) முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிற இடங்களும் உண்டு. எனக்கு இரண்டு இடத்தில் நேர்காணல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

வழிகள் இரண்டு. ஒன்று, வெளிநாட்டினரைப் பள்ளிகளுக்கு அழைக்க 1987இல் தொடங்கிய ஜெட் (JET) திட்டம். ஜப்பான் அரசே நடத்துவது, அந்தந்த நாட்டு ஜப்பானியத் தூதரகம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் இதில் போவதுண்டு. இன்னொன்று, ஆள் அனுப்பும் கம்பெனிகள். நகராட்சிக் கல்வி வாரியங்கள் பல, ஆசிரியரை நேரடியாக எடுக்காமல் இந்தக் கம்பெனிகளிடம் ஒப்பந்தம் போட்டுவிடுகின்றன. நான் போனது இப்படித்தான். இந்த வேலைக்கு எல்லாரும் சொல்லும் பெயர் ஏ.எல்.டி., அசிஸ்டண்ட் லாங்குவேஜ் டீச்சர்.

கம்பெனி வழியில் போக ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அரசுப் பள்ளியில் வேலை என்றால் "பயிற்றுநர்" விசா. அதற்கு, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் 12 வருஷமாவது ஆங்கில வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். படித்த பள்ளியில் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இங்கே சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேலை உறுதியானதும் அங்கிருக்கும் கம்பெனிதான் ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழுக்கு (சி.ஓ.இ.) விண்ணப்பிக்கும். அது வழங்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் சென்னைத் துணைத் தூதரக வழியாக விசா வாங்கிப் போய்ச் சேர வேண்டும். இதில் எங்கேயும் லட்சக்கணக்கில் பணம் கட்டும் கட்டமே இல்லை. "விசாவுக்கு மூணு லட்சம்" என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

அங்கே என்ன வேலை? முழுப் பாடமும் நாமேவா எடுக்க வேண்டும்?

பேருக்கு உதவி ஆசிரியர். வகுப்பாசிரியர் முன்னால் நிற்க, நாம் கூட நிற்க வேண்டும். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடம், வருஷத்துக்கு 70 பாடவேளை. மூன்று, நான்காம் வகுப்புக்கு 35, அது பாட்டும் விளையாட்டும்தான். ஒரு பாடவேளை 45 நிமிஷம். நடைமுறையில் எல்லாம் வகுப்பாசிரியரைப் பொறுத்தது. சிலர் முழுசாக நம்மிடம் விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார்கள். சிலர் நம்மை டேப் ரெக்கார்டராக ஆக்குவார்கள்: "ஆப்பிள்" என்று சொல்லச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்கு மூன்று பள்ளிகள். திங்கள் ஒன்று, செவ்வாய் இன்னொன்று என்று போகும்போது எந்தப் பள்ளியிலும் நமக்குச் சொந்தமாக ஒரு மேசை இருப்பதாகத் தோன்றாது. அந்த வேலையில் எனக்கு உண்மையான சங்கடம் அதுதான், பிள்ளைகள் இல்லை.

நம்ம உச்சரிப்பைக் கேலி செய்வார்களா?

என்னை யாரும் கேலி செய்ததில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

முதல் வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினேன். வகுப்பே சேர்ந்து "புக்கு!" என்றது. அடுத்த படம். "பஸு!" அடுத்தது. "கப்பு!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்றிருந்தது.

மெய்யெழுத்தில் சொல்லை முடிப்பது அவர்கள் நாக்குக்கு வராது, "ன்" ஒன்றைத் தவிர. நாமும் வல்லினத்தில் முடிந்தால் ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். குற்றியலுகரம் என்று ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். அவர்களுடைய கடைசி "உ"வும் பல இடங்களில் பாதி விழுங்கப்பட்டதுதான். "தெசு" என்று எழுதி "தெஸ்" என்பார்கள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாம் முன்னால் ஒரு இகரத்தைப் போட்டு "இஸ்கூல்" என்போம். அவர்கள் நடுவில் ஒன்றைச் செருகி "சுகூரு" என்பார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சக ஆசிரியர் பிள்ளைகளிடம் "உ சேர்க்காதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உ எங்கிருந்து முளைக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், என் பாட்டியே "பஸ்ஸு" என்றவள்தானே. நான் செய்தது இதுதான். கடைசி எழுத்துக்கு வந்ததும் வாயை மூடிக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன். "கப்" என்றதும் முப்பது பிள்ளைகளும் வாயைப் பொத்துவார்கள். சத்தம் தானாக நின்றுவிடும். பாடம் முடிந்தும் வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு திரிவார்கள்.

"எல்", "ஆர்" தகராறு உலகப் பிரசித்தம். அவர்களுக்கு ஒரே ஒரு ரகரம், நம் "ர" போல. நமக்கு ர, ற, ல, ள, ழ என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பலகையில் வாயின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, "எல்"லுக்கு நாக்கு நுனி பல்லின் பின்னால், "ஆர்"ருக்கு எங்கேயும் தொடாமல் மடங்கி நிற்கணும் என்று "ழ" சொல்லிக் காட்டுவேன். அமெரிக்க "ஆர்"ருக்குப் பக்கத்து வீடு நம் "ழ". எல்லாருக்கும் வந்துவிடவில்லை. ஆனால் "ழ" சொல்வதே ஒரு போட்டியாகிவிட்டது.

நம் குறைகளும் அங்கே தெரியும். "வி"யையும் "டபிள்யூ"வையும் நான் ஒன்றுபோலத்தான் சொல்லிவந்தேன். அவர்கள் "வி"யை "பி" ஆக்குவார்கள், "செபுன்" என்று. நான் திருத்தப் போய், என்னை நானே திருத்திக்கொண்டேன்.

எனக்கு ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

வகுப்புக்குள் சமாளிக்கலாம். நகராட்சி அலுவலகத்திலும் மருத்துவரிடமும் திண்டாடுவீர்கள். ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழி காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்வேன். எழுத்து வேறு விஷயம், காஞ்சி என்னும் சீன எழுத்துகள் உயிரை வாங்கும். பேச்சைச் சொல்கிறேன்.

"தபேதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். தபேதே என்பது "சாப்பிட்டு", மிரு என்பது "பார்". கண்ணால் பார்ப்பதில்லை, முயன்று பார்ப்பது. அப்படியே நம் "பார்". "கத்தே ஒகு" என்றால் வாங்கி வை. ஒகு என்பது "வை". "மொத்தே குரு", கொண்டு வா. "மொத்தே இகு", கொண்டு போ. இங்கிலீஷ் வழியாக இதைப் படிக்கிறவர்கள் பக்கம் பக்கமாக இலக்கண விளக்கம் வாசிக்கிறார்கள். நாம் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் பெரும்பாலும் சரியாக விழும். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். இங்கே, அங்கே, எங்கே மாதிரி கொகோ, அசொகோ, தொகோ. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு சொகோ என்று தனியாக ஒன்று. நமக்கும் பழைய தமிழில் "உ" சுட்டு இருந்ததே, யாழ்ப்பாணத்தில் இன்றும் "உது" என்கிறார்களே, அது நினைவுக்கு வரும்.

இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு என்று சுசுமு ஓனோ என்ற அறிஞர் பல வருஷம் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, கற்றுக்கொள்ள வசதி.

கடன்சொற்களில் மட்டும் ஏமாறாதீர்கள். அங்கே "மான்ஷோன்" என்றால் கான்கிரீட் அடுக்குமாடி. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக்காரன் மேன்ஷன் என்றால் அரண்மனை. மூவரும் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று வீட்டை நினைப்போம்.

முதலில் செய்த பெரிய தப்பு என்ன?

டிக் போட்டது.

நான்காம் வகுப்பில் 28 பேர். ஒரு சின்ன எழுத்துத் தாள் வாங்கித் திருத்தினேன். எல்லாரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். சிவப்பு மையில் பெரிது பெரிதாக டிக் போட்டுக் கொடுத்தேன். வகுப்பு சத்தமில்லாமல் போய்விட்டது. முன் வரிசைச் சிறுமி ஒருத்தி தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், கண் கலங்கியிருந்தது. ஜப்பானில் சரிக்கு வட்டம். டிக் என்றால் தப்பு. வகுப்பாசிரியர் ஓடி வந்து விளக்கினார். 28 தாளையும் திரும்ப வாங்கி, ஒவ்வொரு டிக்கையும் சுற்றி வட்டம் போட்டேன். அந்தச் சிறுமி தன் தாளில் வட்டத்துக்கு இதழ் வரைந்து பூவாக்கி என்னிடமே காட்டினாள். அங்கே ரொம்ப நன்றாக எழுதினால் ஆசிரியர்கள் அப்படிப் பூ போடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் போட வேண்டியதை அவளே போட்டுக்கொண்டாள்.

தலையாட்டலும் இந்த வகைதான். பையன் சரியாகப் பதில் சொன்னான். நான் நம்ம ஊர் வழக்கப்படி "ம்ம்" என்று தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். தலையைச் சாய்த்தால் அங்கே "சந்தேகமாக இருக்கே" என்று பொருள். "சிகாவு?" (தப்பா?) என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலும் கீழும் ஆட்டப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. இப்போது இங்கே வந்து அதே மாதிரி ஆட்டுகிறேன், அம்மா சிரிக்கிறாள். ஒரே ஆறுதல், "இங்கே வா" என்று கூப்பிட உள்ளங்கையைக் கீழே பார்த்து அசைப்பது இரண்டு ஊருக்கும் பொது.

நிறத்தைப் பற்றிப் பேசுவார்களா?

பிள்ளைகள் கேட்பார்கள். ஒளித்துப் பேசத் தெரியாது. "சென்செய் (டீச்சர்), உங்க கை வெளியே பழுப்பு, உள்ளே ஏன் ரோஸ்?" என்று ஒரு ஏழு வயசு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பொட்டைத் தொட்டு "இதை அமுக்கினா என்ன ஆகும்?" என்று கேட்டவனும் உண்டு. நான் "டிங்" என்று சத்தம் போட்டேன். அதன் பிறகு காலை வணக்கமே அந்தப் பொத்தானை அமுக்குவதுதான்.

ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. படம் வரையும்போது இளம் ஆரஞ்சு கிரேயானை "ஹதாயிரோ" என்றார்கள், தோல் நிறம் என்று அர்த்தம். 2000ஆம் ஆண்டையொட்டியே கிரேயான் கம்பெனிகள் அந்தப் பெயரை எடுத்துவிட்டன. வீடுகளில் இன்னும் போகவில்லை. என்னை வரைய ஒரு சிறுமி அதைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், வைத்துவிட்டுப் பழுப்பை எடுத்தாள், அதையும் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றித் தீட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் சில நேரம் தோன்றும்.

அப்புறம், இந்தியர் என்றால் 19 பெருக்கல் 19 வரை மனப்பாடம் என்று நாடு முழுக்க ஒரு நம்பிக்கை. அவர்கள் வாய்ப்பாடு 9 பெருக்கல் 9 வரைதான். போவதற்கு முன் வாய்ப்பாட்டை ஒரு தடவை புரட்டிக்கொண்டு போங்கள். மானம் உங்கள் கையில்.

பள்ளியில் சாப்பாடு? நான் சைவம்.

மதியச் சாப்பாடு வகுப்பிலேயே, பிள்ளைகளோடு. வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள். சோறு, ஒரு குழம்பு, ஒரு தொடுகறி, 200 மில்லி பால். எல்லாருக்கும் வந்த பிறகு கைகூப்பி "இதாதாகிமாசு" சொல்லித்தான் கை வைக்க வேண்டும். நான் எதையும் சாப்பிடுவேன், அதனால் தப்பித்தேன். சைவர்கள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவதுதான் ஒரே வழி. காய்கறி சூப்பாகத்தான் தெரியும், ஆனால் அடியில் சூரை மீனில் இறக்கிய சாறு இருக்கும். மீன் சாற்றை மாமிசம் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கறி சோறு (இறைச்சி என்ற பொருளில் இல்லை, இங்கிலீஷ் "கர்ரி") போடும் நாளில் எல்லாக் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். இனிப்பாக, கெட்டியாக, கோதுமை மாவு போட்டது. "உங்க ஊர் மாதிரி இருக்கா?" என்பார்கள். நான் "இது உங்க ஊர்க் கறி, ரொம்ப ருசி" என்பேன். இரண்டும் உண்மை.

இட்லி மாவு புளிக்குமா?

இதைக் கேட்காதவர் கிடையாது!

மிக்ஸி எடுத்துப் போகாதீர்கள். நம்முடையது 230 வோல்ட், அங்கே 100. நான் ஆசையாகச் சுமந்துகொண்டு போனது கிழட்டு மாடு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அங்கேயே ஒன்று வாங்கிக்கொண்டு உளுந்தைக் கூடுதல் நேரம் ஊறவையுங்கள். உளுந்து, இட்லி ரவை, பெருங்காயம் எல்லாம் டோக்கியோவின் நிஷிகசாய், ஒகாச்சிமாச்சி பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும், கூரியரில் அனுப்புவார்கள். ஜப்பான் அரிசி ஒட்டும் ரகம், அதில் இட்லி சுட்டால் களி.

கோடையில் மாவு தானாகப் பொங்கும். ஜனவரியில் அசையாது. கொதாத்சு என்று ஒரு குட்டை மேசை இருக்கிறது, அடியில் ஹீட்டர், மேலே ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை. அதற்குள் காலை நீட்டிக்கொண்டுதான் குளிர்காலமே கழியும். பாத்திரத்தைத் துணியில் சுற்றி ஹீட்டரில் படாமல் ஓரமாக அதற்குள் வைத்து, மிகக் குறைவில் சில மணி நேரம் விட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி கீரை கொடுக்க வந்தவர் ரஜாயைத் தூக்கிப் பார்த்து "பூனையா?" என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். ஊறுகாய், மிசோ என்று நொதித்ததையே தின்று வளர்ந்தவர், அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு டப்பாவில் தோசை கொடுத்தேன், சோயா சாஸில் தொட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

குளிரைத் தாங்க முடியுமா?

ஊரைப் பொறுத்தது. ஒகினாவாவுக்குப் போகிறவர் இதைத் தாண்டிவிடலாம். நீகாத்தா மலைப்பக்கம் ஆளுயரத்துக்குப் பனி விழும். சாலை நடுவே வரிசையாகச் சின்னக் குழாய்கள் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். நகாஒகா என்ற ஊரில் பிறந்த யோசனையாம். தண்ணீரில் இரும்புச்சத்து, அதனால் தெருவெல்லாம் துருப்பிடித்த சிவப்பு. முதல் தடவை பார்த்தபோது ஊரே வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறதோ என்று நினைத்தேன்.

வெளியை விட வீட்டுக்குள்தான் குளிர். சுவர் மெலிசு, அறைக்கு அறை தனி ஹீட்டர். மண்ணெண்ணெயில் ஓடும் அடுப்பு. பெட்ரோல் பங்கில் சிவப்பு நிற 18 லிட்டர் கேனில் வாங்கி வர வேண்டும். ரேஷன் கடை வரிசையில் அம்மாவோடு கேன் தூக்கி நின்றவள், உலகத்தின் பணக்கார நாடு ஒன்றில் மறுபடியும் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றேன். வாசனை மட்டும் அப்படியே. ஹீட்டர் ஓடும்போது மணிக்கு ஒரு தடவையாவது ஜன்னலைத் திறந்து விடுங்கள், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். கூரை விளிம்புக்கு அடியில் நடக்காதீர்கள், பனி பாளமாக விழும்.

பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர் இருக்கிறது. பிரச்சினை வருமா?

பிரச்சினை என்று சொல்ல மாட்டேன். அங்கே ஆசிரியரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் அதுதான் உங்கள் பெயர். நாலு வருஷமும் பள்ளிக்கூடம் முழுக்க என் அப்பா பெயரைச் சொல்லி "சென்செய்! சென்செய்!" என்று கத்தினார்கள். ஒரு தடவை வீடியோ காலில் இருந்தபோது தெருவில் போன பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரும்மா என்னக் கூப்புடுறது?" என்றார். "உங்க மாணவர்கள்தாம்ப்பா" என்றேன்.

சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் வங்கியில் படிவம் கணினிக்குள் ஏறாமல் அல்லாடும். எல்லா இடத்திலும், வெளிநாட்டினருக்கு அங்கே கொடுக்கும் வசிப்பு அட்டையில் இருப்பதுபோல் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் எழுதுங்கள். பெயரில் "ழ" இருப்பவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். எழில் என்றால் "எரிரு"தான்.

அந்த வசிப்பு அட்டையைப் பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். வீடு பிடித்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

கையில் மிஞ்சுமா?

சிக்கனமாக இருந்தால் மிஞ்சும். ஆனால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பாதிச் சம்பளம் என்று எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. கம்பெனி ஏமாற்றவில்லை, ஏழாம் பக்கத்தில் இருந்தது, நான்தான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று போட்டிருந்தால் ஏன் அந்த அரை மணியைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் சமூகக் காப்பீடுதான், அதில் சேர்ப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்தக் காப்பீடாக இருந்தாலும் மருத்துவச் செலவில் 30 சதவீதம் உங்கள் பங்கு.

முதல் வருஷம் வசிப்பு வரி வராது, நிம்மதியாகச் செலவழிப்போம். முந்தைய வருஷ வருமானத்துக்கான வரி இரண்டாம் வருஷம் ஜூனில் வந்து நிற்கும். ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை, நாட்டைவிட்டுக் கிளம்பிய இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம், ஆறு மாதமாவது கட்டியிருந்தால். இந்தியா - ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இரண்டு நாட்டிலும் வேலை பார்த்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிட அதில் வழி உண்டு. பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் அந்தக் காலம் கணக்கில் வராது. அவசரப்படாமல் யோசித்துச் செய்யுங்கள்.

கார் ஓட்டலாமா?

இந்தியாவில் எடுத்த சர்வதேச உரிமத்தோடு முதல் ஒரு வருஷம் ஓட்டலாம். அதற்கு மேல் அவர்கள் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். இடது பக்கச் சாலைதான். பனியில் ஓட்டுவதை யாராவது உள்ளூர்க்காரர் பக்கத்தில் இருக்கும்போது பழகுங்கள்.

நிலநடுக்கம்?

வரும். 2004 அக்டோபரில் இதே மாகாணத்தில் பெரிய நடுக்கம் வந்தது, அதைப் பார்த்த ஆசிரியர்கள் இன்னும் அதைப் பற்றி மெல்லிய குரலில்தான் பேசுகிறார்கள். பள்ளியில் ஒத்திகை அடிக்கடி நடக்கும். "ஒ-ஹா-ஷி-மோ" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள்: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. முதல் ஒத்திகையில் நான் திருதிருவென்று நிற்க, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து மேசைக்கு அடியில் இழுத்தான். அங்கே நான்தான் மாணவி.

தனிமை தாங்க முடியாமல் போனால்?

முதல் மூன்று மாதம் எல்லாமே வேடிக்கை. குழி விழுவது அதற்கப்புறம்தான். எனக்கு நவம்பரில் விழுந்தது, நாலரை மணிக்கே இருட்டியபோது. அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். எனக்கு ராத்திரி ஒன்பது என்றால் அம்மாவுக்குச் சாயந்தரம் ஐந்தரை, அடுப்படி நேரம். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்குத் தாளிப்பாள். பேச ஒன்றும் இருக்காது. கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் துணி மடிப்பேன். "சாப்டியா?" "ம்." "என்ன சாப்ட?" "சோறு." "வெறும் சோறா?" அவ்வளவுதான்.

இது மருந்துதான், அளவு மீறினால் அதுவே நோய். தினமும் இரண்டு மணி நேரம் போனில் தஞ்சாவூரில் வாழ்ந்துகொண்டிருந்தேன், நீகாத்தாவில் யாரையும் தெரியாது. ஊர்ப் பொது மண்டபத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. கட்டணம் பேருக்குத்தான். வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற விவசாயி. மே மாதம் அவர் வயலில் பள்ளிப் பிள்ளைகள் நாற்று நட வந்தார்கள், நானும் இறங்கினேன். கயிறு பிடித்து நடுவது, முழங்கால் வரை சேறு, இடுப்பு வலி எல்லாம் அச்சு அசல் எங்கள் ஊர்தான். என் கையைப் பார்த்துவிட்டு "உனக்குப் பழக்கம் இருக்கே!" என்றார். டெல்டாக்காரியிடம் கேட்கிறார்.

தமிழ் கேட்காமல் இருக்க முடியாது என்றால் பொங்கலுக்கு டோக்கியோ போங்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நீகாத்தாவிலிருந்து ஷிங்கான்சென் புல்லட் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழுந்திருக்கவே மனசில்லை என்ற நிலை இரண்டு வாரம் நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆங்கிலத்திலேயே பேசக்கூடிய உதவித் தொலைபேசியும் ஆலோசகர்களும் ஜப்பானில் உண்டு. ஒப்பந்தத்தை முறித்துத் திரும்பி வருவதும் குற்றமில்லை. என்னோடு வந்த ஒருத்தி ஐந்தாம் மாதம் கிளம்பினாள், இப்போது கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள்.

பெட்டியில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

குளிருடை வேண்டாம், அங்கே மலிவு, நம்மூர் ஸ்வெட்டர் அந்தப் பனிக்குக் கைக்குட்டை. பள்ளிக்குள் போட மட்டும் ஒரு சுத்தமான ஷூ, வெளியே போடாதது. வாசலில் கழற்றி மாற்ற வேண்டும், நமக்கு இது புதுசில்லை. கடுகு, பெருங்காயம், ஒரு பிரஷர் குக்கர், அதற்கு உபரி வாஷர் இரண்டு. வாஷரை மறந்துவிட்டுப் பட்டேன்.

வகுப்புக்கு: உங்கள் வீடு, தெரு, நீங்கள் படித்த பள்ளி, மாட்டுவண்டி, டவுன் பஸ், கல்யாணப் பந்தி இவற்றின் படங்களை அச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். தாஜ்மகால் படத்தை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பத்து ரூபாய் நாணயம் கொஞ்சம், பரிசு கொடுக்க. விளையாட்டுக்குப் பாண்டி போதும். சாக்பீஸில் கட்டம் போட்டால் "கென்கென்பா!" என்று ஓடி வருவார்கள், அவர்களிடமும் அதே விளையாட்டு இருக்கிறது. அஞ்சாங்கல்லும் ஆடலாம். பயறு போட்டுத் தைத்த குட்டிப் பைகளை வைத்து அவர்கள் பாட்டிமார் ஆடியதற்கு ஒதெதாமா என்று பெயர். கல் மட்டும் இங்கிருந்து சுமக்காதீர்கள். ஷினானோ ஆற்றங்கரையில் வழவழவென்று வேண்டிய அளவு கிடக்கிறது.